பால்வெளி மையத்து நியூட்ரினோக்களை வீட்டுக் கணினியில் தேடுவது எப்படி?

ஆனி மாதத் தொடக்கத்தில், நள்ளிரவில், டர்பன்காரர்களுக்குப் பால்வெளியின் மையம் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அங்கிருந்து வரும் உயர் ஆற்றல் நியூட்ரினோக்களை (எதையும் எளிதில் ஊடுருவும், மின்னூட்டமற்ற நுண்துகள்களை) தேடத் தொலைநோக்கி வேண்டாம். தென்துருவப் பனிக்குள் 5,160 ஒளி உணரிகளோடு இயங்கும் ஐஸ்கியூப் ஆய்வகம், 2008 முதல் 2018 வரையிலான தடத் தரவை (பனிக்குள் துகள்கள் ஓடிய நீண்ட ஒளிக்கோடுகளின் பதிவை) பொதுவில் வைத்திருக்கிறது. சுமார் 11 லட்சம் நிகழ்வுகள். சாதாரண மடிக்கணினியும் பைத்தானும் போதும்.

கோப்பில் ஒரு வரிக்கு ஒரு நிகழ்வு. ஆற்றல், கிகா எலக்ட்ரான் வோல்ட்டில், 10 அடிமான மடக்கையாக இருக்கும்: 4 என்றால் 10,000 கிகா, அதாவது 10 டெரா எலக்ட்ரான் வோல்ட். அது தடத்தை விட்டுச்சென்ற மியூவானை (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகளை) வைத்துப் போட்ட மதிப்பீடு. நியூட்ரினோவின் ஆற்றலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வானில் ஒரு புள்ளியின் தீர்க்கரேகை போன்றது வல ஏற்றம், அட்சரேகை போன்றது நடுவரை விலக்கம். மையத்தின் வல ஏற்றம் 266.42 பாகை, நடுவரை விலக்கம் −29.01. விலக்கம் −31 முதல் −27 வரையுள்ள பட்டையைப் பிரித்தெடுத்து, மையத்தைச் சுற்றி 2 பாகை ஆர வட்டத்துக்குள் விழுபவற்றை எண்ணுங்கள். பட்டையின் பரப்பு 1,259 சதுரப் பாகை, வட்டம் 12.6. ஆகவே பட்டையில் இருப்பதில் சுமார் 1 சதவீதம் வட்டத்துக்குள் வரும். மிகவும் விலகினால் முதலில் கோணக் கணக்கைச் சந்தேகியுங்கள். வல ஏற்றங்களை அப்படியே கழிப்பதுதான் வழக்கமான தவறு: அந்த விலக்கத்தில் 1 பாகை ஏற்றம் வானில் 0.87 பாகைதான். கோளக் கோணச் சூத்திரமே நல்லது. பாகையை ரேடியனாக மாற்ற மறந்தால் நிரல் ஒன்றும் சொல்லாது, விடை மட்டும் கெடும்.

அடுத்து, விலக்கத்தையும் ஆற்றலையும் தொடாமல், வல ஏற்றத்தை மட்டும் 0 முதல் 360 வரை தாறுமாறாகக் கலைத்து மீண்டும் எண்ணுங்கள். கருவி துருவத்திலேயே இருப்பதால், பூமி சுழலச் சுழல, பின்னணி (மையத்தோடு தொடர்பில்லாத நிகழ்வுகள்) ஏற்றத்தின் திசையில் சமமாகப் பரவிவிடுகிறது; இந்த முறை செல்லுபடியாவது அதனால்தான். 10,000 முறை செய்யுங்கள். 500 முறைக்கு ஒருதரம் கோப்பில் சேமித்தால் மின்வெட்டு வந்தாலும் உழைப்பு வீணாகாது. உண்மை எண்ணிக்கையை எட்டியவையோ தாண்டியவையோ k என்றால், தற்செயலாகவே இவ்வளவு கிடைக்கும் நிகழ்தகவு (k+1)/10,001.

ஆரத்தையும், ஆற்றல் வரம்பு வைப்பதானால் அதையும் உண்மை எண்ணிக்கையைப் பார்க்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பார்த்த பிறகு மாற்றினால் எந்த இரைச்சலிலும் ஒரு 'கண்டுபிடிப்பு' கிடைத்துவிடும்.

பெரும்பாலும் மிகுதி எதுவும் தெரியாது. துருவத்திலிருந்து மையம் எப்போதும் தொடுவானத்துக்கு மேல் 29 பாகையில் இருப்பதால், காற்றுமண்டலத்தில் விண்கதிர்கள் மோதிப் பிறக்கும் மியூவான்களைத் தடுக்க நடுவே பூமி இல்லை. அவற்றைக் குறைக்கவே தென்வானில் மிக உயர் ஆற்றல் தடங்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். 2023இல் பால்வெளித் தளத்திலிருந்து 4.5 சிக்மா அளவில் (தற்செயலாக நேர மிக அரிதான அளவில்) நியூட்ரினோக்கள் தெரிந்ததும் தடங்களில் அல்ல, ஒளி கோடாக ஓடாமல் பந்துபோல் பரவும் பொழிவு நிகழ்வுகளில்தான். அவற்றின் திசை பல பாகை மங்கலானது, ஆனால் மியூவான் கலப்பு மிகக் குறைவு.

உங்கள் நிகழ்தகவு 0.01க்குக் கீழே போனால், அது மையத்துக்கு மட்டும் உரியதா என்று பார்க்க, அதே விலக்கத்தில், ஏற்றத்தை 12 பாகை வீதம் நகர்த்தி, மற்ற 29 புள்ளிகளிலும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.