வெளியிடத்து மின் இணைப்பில் கேரவன் வேனைச் செருகுவதற்கு முன்: தொடக்க நிலையினருக்கான செய்முறை

ஏலகிரி விடுதி வளாகத்திலோ பாலாற்றங்கரைத் தென்னந்தோப்பிலோ கேரவன் வேனை நிறுத்தி இரவு தங்குபவர்கள், இடத்துக்காரர் காட்டும் சாக்கெட்டில் உடனே பிளக்கைச் செருகிவிடுகிறார்கள். வேனில் இருக்கும் ஏ.சி., பிரிட்ஜ், பேட்டரி சார்ஜர் எல்லாம் அந்த ஒரு சாக்கெட்டை நம்பியே ஓடப்போகின்றன என்பதால், சோதித்த பிறகே செருக வேண்டும்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பம்ப்செட் கொட்டகையிலிருந்து ஒயர் இழுக்கவே வேண்டாம். அங்கே வருவது மூன்று ஃபேஸ் (மின்சாரம் வரும் மூன்று கம்பிகள்) என்பதால், தவறி இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே இணைத்துவிட்டால் வேனுக்குள் ஏறக்குறைய 400 வோல்ட் பாயும். மேலும், விவசாயத்துக்கு வழங்கப்பட்ட மின்சாரத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி முறைகேடு. வீட்டு இணைப்பிலோ விடுதி இணைப்பிலோ உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டையே கேளுங்கள்.

அடுத்து, மல்டிமீட்டரை ஏ.சி. (மாறுதிசை மின்சார) வோல்டேஜில் 600 அல்லது 750 அளவுக்குத் திருப்பி, உலர்ந்த கையோடும் காலில் செருப்போடும் சாக்கெட்டை அளந்து பாருங்கள். எர்த்துக்குரிய பெரிய துளை மேலே இருக்கும்போது வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் கம்பி). ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 207 முதல் 253 வரை இருக்கலாம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சந்தேகப்படுங்கள். அளக்கத் தயக்கமாக இருந்தால் உள்ளூர் எலக்ட்ரீஷியனை அழைத்துக்கொள்வதே நல்லது.

எர்த் இல்லாத சாக்கெட்டை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். வேன் ரப்பர் டயரின்மேல் நிற்பதால், உள்ளே எங்கேனும் கசிவு ஏற்பட்டால் அந்த மின்சாரம் தரைக்கு இறங்க வழியின்றித் தகர உடம்பு முழுவதும் நின்றுவிடும். மழை பெய்த மண்ணில் வெறுங்காலோடு நின்று கதவின் கைப்பிடியைத் தொடும் குழந்தைக்கு ஷாக் அடிக்கும். எர்த் சரியாக இருந்தால், கசிவு தொடங்கியவுடனே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின் கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச்) தானாக இறங்கிவிடும், எர்த் இல்லாவிட்டாலோ, ஒருவர் தொட்ட பிறகுதான் அது இறங்கும். இதன் டெஸ்ட் பட்டனை ஒவ்வொரு இடத்திலும் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுமை இல்லாத நேரத்து அளவு ஏமாற்றும். எனவே 2,000 வாட் கெட்டிலை அதே சாக்கெட்டில் ஓட விட்டு, அதே இணைப்பில் அருகிலுள்ள இன்னொரு சாக்கெட்டில் மீண்டும் அளந்து பாருங்கள். 230 இருந்தது 200க்குக் கீழே சரிந்தால், எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது ஒயர் மெலிதாக இருக்கிறது. கெட்டிலைப் போட்டதும் வளாகத்தில் சில விளக்குகள் மங்கி வேறு சில பளிச்சென்று எரிந்தால், நியூட்ரல் தளர்ந்திருப்பதாகக் கொண்டு அந்த இடத்தில் இணைக்கவே வேண்டாம். கத்திரி வெயில் காலத்தில் வேலூர் வட்டாரத்தில் இரவு ஏ.சி.கள் ஓடத் தொடங்கிய பிறகு ஒருமுறை அளப்பது இன்னும் உண்மையான நிலையைக் காட்டும்.

நீட்டிப்பு ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்கட்டும். முப்பது மீட்டர் தொலைவுக்கு 10 ஆம்பியர் இழுத்தால் இதில் நான்கரை வோல்ட் அளவே குறையும்; 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் பதினொரு வோல்ட் போய்விடும், சூடும் ஏறும். சுருளில் இருக்கும் ஒயரை முழுவதுமாக விரித்துப் போடுங்கள்.

வேனின் நுழைவில் குறை வோல்டேஜ், மிகை வோல்டேஜ் இரண்டையும் கண்டு துண்டிக்கும் கருவியைப் பொருத்துங்கள். கீழ் எல்லை 195, மேல் எல்லை 255 என்று வைத்து, மீண்டும் இணையும் தாமதத்தை மூன்று நிமிடமாக அமையுங்கள். உள்ளே அழுத்தம் இறங்குவதற்கு முன்பே ஏ.சி. கம்ப்ரஸர் கிளம்பினால் அது திணறும். ஸ்டெபிலைசர் இருப்பது மேலே சொன்ன சோதனைகளுக்கு மாற்றாகாது, ஏனெனில் எர்த் குறையை அது காட்டாது.

புறப்படும்போது ஏ.சி.யை முதலில் நிறுத்தி, வேனின் எம்.சி.பி.யை (மிகை மின்னோட்டத்தில் தானாகத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கி, சாக்கெட்டின் சுவிட்சை அணைத்த பிறகே பிளக்கை உருவுங்கள். இடி மின்னல் நெருங்கும் அறிகுறி தெரிந்தால், மழை தொடங்கும்வரை காத்திராமல் அப்போதே உருவிவிட்டு, இரவை பேட்டரியிலேயே கழியுங்கள்.