ஆற்றங்கரை வாத்துக்கறி: டிரினிடாட் பக்குவம்

1845 முதல் இந்தியர்கள் குடியேறிய கரீபியன் தீவான டிரினிடாடில், விடுமுறை வந்தால் ஆற்றங்கரையில் விறகு மூட்டி வாத்துக்கறி வைப்பார்கள். இப்படி ஆற்றங்கரையில் கூடிப் பொழுதுபோக்குவதற்கு ‘ரிவர் லைம்’ என்று பெயர். வெளியில் சமைப்பவர்கள் அவர்களிடம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. விறகுத் தீ சட்டென எகிறும். கறிப்பொடியை நேராக எண்ணெயில் போட்டால் கருகிக் கசக்கும். தண்ணீரில் கூழாகக் கரைத்து ஊற்றுங்கள். அது கெட்டியாகி, மணல்மணலாகத் திரளும்போதுதான் வாத்து விழவேண்டும்.

உடனே தண்ணீர் விடாதீர்கள். கறி தானே நீர் விடும். அது வற்றி, எண்ணெய் பிரிந்து, அடியில் லேசாகப் பிடிக்கும்வரை கிளறுங்கள். ருசியே அங்கேதான். பிறகு சுடுதண்ணீர் ஊற்றி மூடி, பொறுமையாக வேகவிடுங்கள். முற்றிய வாத்துக்கு நேரம் அதிகம் பிடிக்கும். சட்டியின் வெளிப்புறத்தில் முன்கூட்டியே சோப்பு தடவினால் கரி எளிதில் கழுவப்படும்.