பாட்டு பிடித்துவிட்டது, ட்யூபா எங்கே? பள்ளி பேண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பேண்டு அறை, சனிக்கிழமை மதியம். ஃபேனைப் போட்டால் நோட்டுத்தாள் பறக்கிறது, நிறுத்தினால் ஆள் வேகிறோம். ஆண்டு விழாவுக்கு என்ன வாசிப்பது என்று பேச்சு ஓடுகிறது. ஒன்பதாம் வகுப்பு கிளாரினெட்காரி ஒரு சினிமாப் பாட்டைச் சொல்கிறாள். ட்ரம்ஸ் பையன்களுக்கு எதுவானாலும் சரி, வேகமாக இருந்தால் போதும். பிளஸ் டூ ட்ரம்பெட்காரன் போனை நீட்டி, "அண்ணா, இதைக் கேளுங்க, இதைத்தான் எடுக்கணும்" என்கிறான்.

நான் மாஸ்டர் இல்லை. ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் ஆறு வருஷம் ட்ரம்பெட் ஊதியவன். இப்போது வாரத்தில் ஒரு நாள் இங்கே மாஸ்டருக்குக் கைத்துணை. இந்தப் பேச்சில் விழும் தவறுகள் ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய அதே தவறுகள்தான். நாங்களும் அன்றைக்கு அதையேதான் செய்தோம்.

அவன் போனில் ஓடியது குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1909-ல் மிலிட்டரி பேண்டுக்கென்றே எழுதிய ஈ ஃபிளாட் ஸூட். ஸூட் என்றால் சிறு உருப்படிகள் சேர்ந்த தொகுப்பு, இது மூன்று பகுதி கொண்டது. கேட்டால் யாருக்கும் ஆசை வரும். "எங்கே, முதல் வரியை யார் வாசிக்கிறதுன்னு சொல்லு" என்றேன். திரும்ப ஓட்டிக் கேட்டான். முதல் பகுதியின் எட்டு பார் மெட்டைத் தொடங்குவது அடி ஸ்தாயியில் ஊதும் பெரிய பித்தளை வாத்தியங்களான ட்யூபாவும் யூஃபோனியமும். பின்னால் வருகிற எல்லாமே அந்த மெட்டின் மேல் கட்டிய வீடு. எங்கள் அறையில் இருப்பது நாலு ட்ரம்பெட், அஞ்சு கிளாரினெட், மூன்று ஆல்ட்டோ சாக்ஸஃபோன், ரெண்டு ஃப்ளூட், ஒரு ட்ராம்போன், ஒரு கீபோர்டு, ஒரு கிட்டார், தேவைக்கு மேல் ட்ரம்ஸ். ட்யூபா கிடையாது. அதாவது எங்களுக்கு அந்தப் பாட்டின் முதல் வரியே கிடையாது. கீபோர்டில் ட்யூபா சத்தம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருத்தன் சொன்னான். வைக்கலாம்தான். ஆனால் மூச்சு விட்டு ஊதும் பதினைந்து பேருக்கு அடியில் மூச்சே விடாத ஒரு ஸ்பீக்கர் நிற்கும். கேட்பவர்களுக்கு ஏன் என்று தெரியாது, ஏதோ ஒட்டவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஆகவே முதல் தவறு, பாட்டைக் காதால் தேர்ந்தெடுப்பது. ரெக்கார்டிங்கில் நாம் கேட்பது மொத்தச் சத்தத்தை. எல்லா வாத்தியத்தின் வரியும் ஒன்றாக இருக்கும் ஸ்கோரைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் எந்த வரி யாருடையது, அந்த ஆள் நம்மிடம் உண்டா என்பது விளங்கும். நான் பிள்ளைகளிடம் சொல்வது, மெட்டைப் பார்க்காதே, அடியில் போகிற வரியை முதலில் பார். அதை எடுக்க ரெண்டு பேராவது இருந்தால் மேலே பேசலாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம் கிரேடு. "நான் ட்ரினிட்டி மியூசிக் எக்ஸாம்ல கிரேடு அஞ்சு முடிச்சிட்டேன், அப்புறம் ஏன் கிரேடு ரெண்டு பாட்டு?" என்று சண்டைக்கு வருவார்கள். தேர்வின் கிரேடு தனி ஆளுக்கு. பேண்டு தாள்களில் பதிப்பகத்தார் போடும் கிரேடு மொத்தக் குழுவுக்கு. ரெண்டும் வேறு அளவுகோல். மூன்று பேர் அஞ்சாம் கிரேடில் இருக்க, போன ஜூனில் வாத்தியத்தைத் தொட்டவர்கள் எட்டுப் பேர் இருந்தால், அந்த எட்டுப் பேருக்கான பாட்டைத்தான் எடுக்க வேண்டும். கெட்டிக்காரர்களுக்கு அதிலேயே ஒரு தனி வரி எழுதிக் கொடுத்துவிட்டால் கோபம் ஆறிவிடும்.

கட்டைக் கணக்கு

பலர் கோட்டைவிடும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சினிமாப் பாட்டின் மெட்டை யாராவது கீபோர்டில் பிடித்துத் தாளில் எழுதுவார்கள். அந்த ஒரே தாளை ஜெராக்ஸ் போட்டு எல்லோருக்கும் கொடுப்பார்கள். ஊதிப் பார்த்தால் சந்தைக்கடை. பிள்ளைகள் தப்பாக வாசித்ததாக மாஸ்டர் திட்டுவார். பாவம், அவர்கள் சரியாகத்தான் வாசித்தார்கள்.

தாளில் 'சி' என்று ஒரு நோட்டு இருக்கிறது. ஃப்ளூட்காரி ஊதினால் ஒன்னாம் கட்டை, அதாவது அதே சி சுருதி ஒலிக்கும். அதையே ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் வாசித்தால் வருவது ஆறரைக் கட்டை, பி ஃபிளாட். ஆல்ட்டோ சாக்ஸஃபோன் வாசித்தால் ரெண்டரைக் கட்டை, ஈ ஃபிளாட். தாளில் ஒரு நோட்டு, அறையில் மூன்று சுருதி. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக மாற்றி எழுதித்தான் தர வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது. இலவச நோட்டேஷன் மென்பொருள்கள் இந்த மாற்றத்தை ஒரு சொடுக்கில் செய்துவிடும், ஆனால் செய்யச் சொல்ல வேண்டும்.

மாற்றி எழுதினாலும் அடுத்த பள்ளம் காத்திருக்கிறது. பாடகர் மூன்று கட்டையில் பாடியிருக்கிறார், அதனால் நாமும் மூன்று கட்டை என்று பிடிவாதம். ஈ மேஜர் கிட்டாருக்கு அல்வா. ஆனால் அதே ஸ்கேல் ட்ரம்பெட் தாளில் ஆறு ஷார்ப்பாகவும், ஆல்ட்டோ சாக்ஸஃபோன் தாளில் ஏழு ஷார்ப்பாகவும் வந்து நிற்கும். எட்டாவது படிக்கும் பையன் அந்தத் தாளைப் பார்த்ததும் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துவிடுவான். அரைக் கட்டை இறக்குங்கள். ரெண்டரைக் கட்டையில் ட்ரம்பெட்டுக்கு ஒரே ஒரு ஃபிளாட், சாக்ஸஃபோனுக்கு ஒன்றுமே இல்லை. கிட்டார் பையன் முறைப்பான். முதல் கட்டத்தில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டுக்கொண்டு டி ஸ்கேலில் வாசி என்றால் முடிந்தது. பள்ளி பேண்டுக்கு ரெண்டரை, நாலு, ஆறரை என்ற மூன்று கட்டைகள் சொந்த வீடு மாதிரி. மற்றவை விருந்தாளி வீடு.

சினிமாப் பாட்டைப் பற்றி இன்னொன்று. பாட்டில் மெட்டு திரும்பத் திரும்ப வந்தாலும் வரி மாறுகிறது, அதனால் சலிக்காது. பேண்டில் வரி இல்லை. பல்லவியை அதே ட்ரம்பெட் நாலாவது தடவை ஊதும்போது பின்வரிசைப் பெற்றோர் போனை எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் வேறு வாத்தியம் எடுக்க வேண்டும், இல்லை ஒரு சரணத்தை வெட்ட வேண்டும். வயலின் கூட்டத்துக்காக எழுதிய இடை இசையை அஞ்சு கிளாரினெட்டின் தலையில் கட்டுவதையும் தயவுசெய்து விடுங்கள்.

ராகம் எடுப்பவர்கள்

"கதிரி கோபால்நாத் சாக்ஸஃபோன்ல கர்நாடக சங்கீதமே வாசிச்சாரே, நம்மளால முடியாதா?" என்று ஒரு கேள்வி தவறாமல் வரும். முடியும், அவருக்கு. அதற்காக வாத்தியத்தையே தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு, வருஷக்கணக்கில் உழைத்தவர் அவர். அதையும் விடுங்கள், சிக்கல் வேறு. ஒருவர் ஒரு ஸ்வரத்தை அசைத்தால் கமகம். ஆறு பேர் ஆறு விதமாக அசைத்தால் அது வெறும் சுருதி பிசகல். தோடியும் சஹானாவும் பேண்டுக்கு வேண்டாம். மோகனம், ஹம்சத்வனி, சங்கராபரணம் தாங்கும்.

தாங்குவது மட்டுமில்லை, அதற்கு நம் ஊரிலேயே இருநூறு வருஷப் பழக்கம் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த நாட்களில், கோட்டையில் வெள்ளைக்காரர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று பெயர், ஏறக்குறைய நாற்பது உண்டு. எல்லாமே சங்கராபரண ஸ்வரங்கள், கமகம் இல்லை, சின்னச் சின்ன உருப்படிகள். பாட்டு வகுப்பில் குழந்தைகள் பாடும் 'சக்தி சஹித கணபதிம்' அதில் ஒன்று. 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசியகீதத்தின் மெட்டு. பேண்டிலிருந்து வந்ததை பேண்டுக்கே திருப்பிக் கொடுக்கிறோம் என்றதும் அந்த கிளாரினெட்காரி முகம் மலர்ந்தது. ஆரம்பநிலைப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. ஏன் இதை யாரும் எடுப்பதில்லை என்பது எனக்குப் புதிர்.

பிளஸ் டூ சோலோ

ஜூலையில் பாட்டு எடுக்கிறோம். நன்றாக வாசிப்பவர்கள் பிளஸ் டூ பிள்ளைகள்தான், சோலோ அவர்களுக்குப் போகிறது. விழா ஜனவரியிலோ பிப்ரவரியிலோ. அதற்குள் ரிவிஷன் டெஸ்ட், ஸ்பெஷல் கிளாஸ், செய்முறைத் தேர்வு. "சார், வீட்ல அனுப்ப மாட்டேங்கறாங்க" என்று விழாவுக்குப் பத்து நாள் முன்னால் சோலோ காணாமல் போகும். மார்ச்சில் பொதுத்தேர்வு வரும் என்பது யாருக்கும் புது செய்தி இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் திகைத்து நிற்கிறோம். சோலோவை முதல் நாளிலிருந்தே ரெண்டு பேருக்குக் கொடுங்கள், ஒருவர் பத்தாவதும் பிளஸ் டூவும் இல்லாதவராக இருக்கட்டும்.

மலை ஏறும்போது

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வாசிக்கப் போகும் பேண்டுகள் செய்யும் தவறு ஒன்று உண்டு. அதை நான் மேலே இருந்தபோதும் பார்த்திருக்கிறேன், கீழே வந்த பிறகு அனுபவித்தும் இருக்கிறேன். ஒரு ஜனவரி மாலை நிகழ்ச்சி. கீழே 30 டிகிரிக்கு மேல் வெயிலில் பயிற்சி செய்து, கச்சிதமாக சுருதி சேர்த்து, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனோம். ரெண்டு பேர் வழியிலேயே வாந்தி. பெட்டிகள் வண்டியின் மேல்கூரையில். மேடையில் ஸ்வெட்டரோடு நின்று முதல் பாட்டைத் தொடங்கினோம். தொடக்கமே பித்தளை வாத்தியங்களும் கீபோர்டும் சேர்ந்து பிடிக்கும் நீண்ட கார்டு, பல ஸ்வரம் ஒரே நேரத்தில் ஒலிப்பது. கீபோர்டு ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.

உயரத்தால் சுருதி மாறும் என்று சிலர் சொல்வார்கள். 1,500 மீட்டர் உயரத்தில் மூச்சு கொஞ்சம் வாங்கலாம், சுருதிக்கும் காற்றழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. காரணம் குளிர். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும், ஒரு டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் வீதம். குழலுக்குள் இருக்கும் காற்று 35 டிகிரியிலிருந்து 15-க்கு வந்தால் கணக்குப்படி அரை ஸ்வரத்தில் பாதிக்கும் மேல் இறங்கும். ஊத ஊத நம் மூச்சே குழலைச் சூடாக்குவதால் உண்மையில் அவ்வளவு இறங்காது. ஆனால் முதல் பாட்டு முடியும் வரை காது கூசும் அளவுக்கு இறங்கும். கீபோர்டு அசையாது.

அதனால் மேலே வாசிப்பதற்கு எடுக்கும் முதல் உருப்படி, எல்லோரும் சேர்ந்து நடு ஸ்தாயியில் ஊதும் மார்ச்சாக இருக்கட்டும், கீபோர்டு சும்மா இருக்கட்டும். நாற்பது பார் காத்திருந்து ஃப்ளூட் தனியாக நுழையும் பாட்டை இரண்டாம் பாதிக்குத் தள்ளுங்கள். காத்திருக்கும் நேரத்தில் குழல் மறுபடி குளிர்ந்துவிடும், சத்தமில்லாமல் உள்ளே மூச்சை ஊதிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். சுருதி சேர்க்க இழுத்துத் தள்ளும் குழாயான ட்யூனிங் ஸ்லைடை ஒரு விரல் அகலமாவது வெளியே இழுத்து வைத்தே கீழே பயிற்சி செய்யுங்கள், அப்போதுதான் மேலே போய் உள்ளே தள்ள இடம் இருக்கும். பறையைச் சேர்த்து வாசிக்கும் ஆசை இப்போது நிறையப் பேருக்கு இருக்கிறது, நல்ல ஆசைதான். ஏற்காட்டு மூடுபனியில் தோல் தொய்ந்துவிடும். மேடைக்குப் பின்னால் அனல் காட்ட இடமும் அனுமதியும் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பாட்டு வரிசையில் யாரும் பேசாத ரெண்டு உருப்படிகள் உண்டு, முதலும் கடைசியும். தமிழ்த்தாய் வாழ்த்தை 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, மோகன ராகத்தில் மூன்றன் நடையில் 55 விநாடியில் பாட வேண்டும் என்கிறது. பாடுகிறவர்களுக்குத் துணையாக பேண்டு வாசிக்கிறதென்றால் அந்த 55 விநாடி நமக்கும்தான். ஆறரைக் கட்டையில் எடுத்தால் ட்ரம்பெட்டுக்கு வெறும் சி, டி, ஈ, ஜி, ஏ. சுலபம் என்று ஒத்திகையே பார்க்க மாட்டார்கள். கீழ் 'டி'க்கு ஒன்றும் மூன்றுமாக வால்வை அழுத்துகிறோம், அது எந்த ட்ரம்பெட்டிலும் கொஞ்சம் ஏறித்தான் ஒலிக்கும். மூன்றாம் ஸ்லைடை விரலால் தள்ளி இறக்க வேண்டும். அன்றைக்கு நாலு ட்ரம்பெட்டையும் வாங்கிப் பார்த்தேன். மூன்றில் அந்த ஸ்லைடு இறுகிப் போயிருந்தது, எண்ணெய் கண்டு எத்தனை மாதமோ. கிளாரினெட்டுக்கு அதே மெட்டில் 'ஏ'யிலிருந்து மேல் 'சி'க்குப் போகும் இடம் கண்டம். ஒரு விரல் மட்டும் வேலை செய்யும் நோட்டிலிருந்து சட்டென்று எல்லா விரலும் மூட வேண்டும், ஒரு துளை சரியாக மூடாவிட்டாலும் 'கீச்'. அந்த ஒரு தாவலை மட்டும் இருபது தடவை வாசிக்கச் சொன்னேன். பதினோராவது தடவையில்தான் கீச் நின்றது.

கடைசி, தேசியகீதம். 52 விநாடி. அதற்கு முன்னால் உச்ச ஸ்தாயியில் முடியும் பாட்டை வைத்தால் ட்ரம்பெட்காரர்களுக்கு உதடு விட்டுப்போகும். எங்கள் கடைசி வருஷத்தில் அப்படித்தான் வைத்தோம், கைதட்டல் வாங்கினோம். பிறகு மொத்த அரங்கமும் எழுந்து விறைப்பாக நிற்க, 'ஜய ஹே' வரும் மேல் ஸ்வரத்துக்கு என் உதட்டிலிருந்து வெறும் காற்று வந்தது. ட்ராம்போன் தாங்கிப் பிடித்தது. இந்த முறை தாளில் தேசியகீதத்துக்கு முன்னால் நோட்டுஸ்வரத்தை எழுதியிருக்கிறோம். ட்ரம்ஸ் பையன்களுக்கு இன்னும் சம்மதமில்லை.