மணலும் தண்ணியும் வச்சு கடல் காத்தை புரிஞ்சுக்கலாம் வாங்க

உச்சி வெயில் 12 மணிக்கு, ஆனா வெக்கை தாங்க முடியாம போறது 2, 3 மணிக்கு. ஏன்? சூரியன் காத்தை நேரடியா பெருசா சூடாக்குறதில்ல. வெயில் கதிர்வீச்சா வந்து தரையை சுட வைக்குது, தரை தான் மேல இருக்கற காத்தை சுட வைக்குது, அதுக்கு நேரம் பிடிக்கும்ல. இது மனசுல பதிஞ்சிட்டா வானிலை பாடத்துல பாதி முடிஞ்ச மாதிரி.

செஞ்சே பாத்துடுங்க. ஒரே மாதிரி ரெண்டு கிண்ணம் எடுங்க, ஒண்ணுல காஞ்ச மணல், இன்னொண்ணுல தண்ணி, ரெண்டும் ஒரே எடை இருக்கணும் (கிண்ணத்துல ஒரே உயரத்துக்கு ரொப்பினா போதும்னு நினைக்காதீங்க, எடை தான் கணக்கு). முதல்ல ஒரு மணி நேரம் நிழல்ல வைங்க, அப்ப தான் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டுல ஆரம்பிக்கும். அப்புறம் வெயில்ல அரை மணி, திரும்ப நிழல்ல அரை மணி, 5 நிமிஷத்துக்கு ஒருக்கா குறிச்சிட்டே வாங்க. தெர்மாமீட்டரோட நுனி மேல்பரப்புக்கு 1 செ.மீ. கீழ இருக்கட்டும். லேப் தெர்மாமீட்டர் தான் வேணும், காய்ச்சல் பாக்கறது 42 டிகிரியோட நின்னுடும்.

மணல் கடகடன்னு ஏறும், நிழலுக்கு வந்ததும் சீக்கிரம் இறங்கும். தண்ணி ரெண்டுத்துலயும் நிதானம் தான். 1 கிலோ தண்ணிய 1 டிகிரி ஏத்த சுமார் 4,200 ஜூல் வேணும், காஞ்ச மணலுக்கு சுமார் 800 போதும், இதைத்தான் தன்வெப்ப ஏற்புத்திறன்னு படிக்கிறோம். ஆனா அதோட நிறுத்திடாதீங்க ப்ளீஸ், நிறைய பேர் இங்கயே விட்டுடறாங்க. வெயில் தண்ணிக்குள்ள ஆழமா இறங்கி பரவுது, தண்ணி ஆவியாகும்போது சூட்டை கூடவே எடுத்துட்டு போகுது, கடல்ல அலை வேற கலக்கி விடுது. மணல்ல மேல் தோல் மட்டும் தான் சுடும், விரலை உள்ள விட்டு பாருங்க, கொஞ்சம் கீழ போனாலே ஜில்லுனு இருக்கும், ஏன்னா மணல் வழியா வெப்பக் கடத்தல், அதாவது சூடு உள்ள இறங்கறது, ரொம்ப மெதுவு.

இப்ப அந்த மணலை கரைனும் தண்ணிய கடல்னும் நினைச்சுக்கோங்க. பகல்ல கரை மேல இருக்கற காத்து சூடாகி விரிஞ்சு லேசாகி மேல போகுது, இது தான் வெப்பச்சலனம், அந்த இடத்துல அழுத்தம் குறையுது, கடல் பக்கத்துல இருந்து குளிர்ந்த காத்து உள்ள வருது. அதான் கடற்காற்று. ராத்திரி கரை சீக்கிரம் ஆறிடும், கடல் ஆறாது, காத்து திரும்பி கரையில இருந்து கடலுக்கு வீசும்.

காத்து மேல ஏறுறதை கண்ணால பாக்கணுமா, பேப்பரை சுருளா வெட்டி நூல்ல கட்டி, மூடி போட்ட சுடுதண்ணி பாத்திரத்துக்கு மேல தொங்க விடுங்க, தானா சுத்தும். ஃபேனை நிறுத்திடுங்க.

காத்தோட சூட்டை அளக்கும்போது மட்டும் தெர்மாமீட்டரை வெயில்ல காட்டாதீங்க, அது வெயிலை வாங்கி தானே சூடாகி அதிகமா காட்டும். வானிலை நிலையங்கள்ல வெள்ளை பெயிண்ட் அடிச்ச, காத்து புகுற மரப்பெட்டிக்குள்ள வைக்கிறது இதுக்குத்தான்.