டெல்லி வளாகங்களில் தமிழ் எழுத்தாளர் உரை: எங்கே தவறுகிறோம்?

டெல்லியில் ஒரு தமிழ் எழுத்தாளரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து, அவருடைய புதிய புத்தகத்தை வெளியிட்டுப் பேசவைப்பது லேசான வேலை இல்லை. துறையின் அனுமதி, அரங்கம், பயணச் செலவு என்று மாணவர்கள் வாரக்கணக்கில் அலைகிறார்கள். அந்தப் பாடெல்லாம் வீணாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: அரங்கில் யாரும் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க மாட்டார்கள். மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்து கிளைப்பவை.

எழுத்தாளர் பையில் சுமந்துவரும் பிரதிகளை நம்பிக் கூட்டம் போடாதீர்கள். ஒரு மாதம் முன்பே பதிப்பகத்தோடு பேசிப் பத்துப் பிரதிகளாவது வரவழைத்துத் துறைக்குள் கைமாற்றிப் படியுங்கள். காசு கொடுத்து வாங்குங்கள். ஒரு பதிப்புக்குச் சில நூறு பிரதிகளே அச்சிடும் சிறு பதிப்பகத்திடம் இலவசப் பிரதி கேட்பது நியாயமே இல்லை.

அடுத்தது நிகழ்ச்சி நிரல். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, இரண்டு வாழ்த்துரைகள், வெளியீடு, முதல் பிரதி பெறுதல், ஆய்வுரை, எல்லாம் முடிந்து ஏற்புரை. இடையிடையே பொன்னாடை, புகைப்படம். 4 மணிக் கூட்டம் 4.30க்குத் தொடங்கும். பத்து நிமிடம் கொடுக்கப்பட்டவர் இருபது எடுப்பார். எழுத்தாளர் மைக்கைப் பிடிக்கும்போது மணி 6.20. அரங்கைப் பூட்ட வேண்டிய ஊழியர் சாவியோடு வாசலில் நிற்பார். ஆயிரத்துச் சொச்சம் மைல் தாண்டி வந்தவருக்கு நாம் கொடுப்பது மிஞ்சிய பத்து நிமிடத்தை. மனசு வலிக்கிற விஷயம் இது.

வரவேற்புக்கு 3 நிமிடம், புத்தகத்தை ஊன்றிப் படித்த ஒருவரின் அறிமுகத்துக்கு 10, எழுத்தாளருக்கு 40, கலந்துரையாடலுக்கு 30 போதும். முதல் பிரதியைப் பிரமுகர்தான் வாங்க வேண்டுமென்று சட்டமில்லை. படித்துவிட்டு வந்த முதலாண்டு மாணவி வாங்கட்டும்.

டெல்லிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வருபவர்களில் ஒரு பகுதியினர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். வீட்டில் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் பலருக்குப் பக்கம் பக்கமாக வாசிக்க வராது. இன்னொரு பகுதி இந்தி, வங்காளம், மலையாளம் படிக்கும் ஆய்வாளர்கள். இவர்களுக்காக எழுத்தாளரை ஆங்கிலத்தில் பேசச் சொல்லி நெருக்குவது பெரிய தவறு. தன் மொழியில் கொட்டித் தீர்ப்பவர் அங்கே திக்கித் திணறுவார். அவர் தமிழிலேயே பேசட்டும். புத்தகத்திலிருந்து இரண்டு பக்கத்தை முன்கூட்டியே மொழிபெயர்த்து, நகலெடுத்துக் கையில் கொடுங்கள். அதே பகுதியை எழுத்தாளர் உரக்க வாசித்தால் இரு தரப்பும் ஒரே இடத்தில் வந்து சேரும்.

தேதி வைக்கும்போது நவம்பர் கடைசியிலிருந்து நெருங்கும் செமஸ்டர் தேர்வையும், டிசம்பர், ஜனவரி மூடுபனியையும் மறக்க வேண்டாம். பனிக்காலத்தில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பல மணி நேரம் தாமதமாக வருவது சகஜம். காலையில் இறங்கி மாலையில் பேசுவார் என்று கணக்குப் போட்டால் காலி அரங்கில் கைபிசைந்து நிற்க நேரும். ஒரு நாள் முன்பே வரவழையுங்கள்.

ஜேஎன்யு (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) போன்ற வளாகத்துக்குள் வெளியாட்கள் சட்டென்று நுழைய முடியாது, வாயிலில் விவரம் சொல்ல வேண்டும். ஆர்.கே.புரம், மயூர் விஹார் போன்ற டெல்லிப் பகுதிகளிலிருந்து ஆசையாக வரும் பெரியவர்கள் அங்கேயே திரும்பிவிடக் கூடாது. அழைப்பிதழில் எந்த வாயில், எந்தக் கட்டடம், யாருடைய கைபேசி எண் என்பதையெல்லாம் போடுங்கள். ஜேஎன்யு என்றால், பக்கத்திலுள்ள முனிர்கா மெட்ரோ நிலையத்தில் ஒரு மாணவர் நிற்பது இன்னும் நல்லது.

கேள்வி நேரத்தில் ஒருவரே எழுந்து தனிச் சொற்பொழிவு ஆற்றுவதை நெறியாள்பவர் மரியாதையோடு நிறுத்தத்தான் வேண்டும். முதல் இரண்டு கேள்விகளை மாணவர்களுக்கென்று ஒதுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கூட்டம் முடிந்ததும் புத்தகத்தை மறந்துவிடுவது கடைசித் தவறு. நூலகங்களுக்குப் புதிய நூல்களை அனுப்புவது பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிய நூலின் பிரதியைப் பதிப்பாளர் டெல்லி பொது நூலகத்துக்கும் அனுப்ப வேண்டும். ஆனால் பல்கலைக்கழக நூலகத்துக்கு அது தானாக வராது, பெரும்பாலும் பேராசிரியர் ஒருவர் பரிந்துரைத்தால்தான் வாங்குவார்கள். பரிந்துரைப் படிவத்தை விழாவுக்கு முன்பே நிரப்பி வைத்து, அன்றைக்கே பேராசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மறுவாரம் தேர்வு வேலை வந்துவிட்டால் யாருக்கும் நினைவிருக்காது.