காலைத் தூக்கமும் கடவாப்பல்லும்
ஒரு வயசு தாண்டி ஒன்றரை வயசுக்குள்ள காலைத் தூக்கம் குறையுறதும் கடவாப்பல் முளைக்கிறதும் ஒண்ணா வந்து நிக்கும், பிள்ளை தூங்கலைன்னா எதனாலன்னே புரியாது. ஈறு வீங்கி ஜொள்ளு ஊத்தி கையைக் கடிச்சுட்டே இருந்தா பல்லுதான், அப்போ தூங்குற டைமை மாத்தாதீங்க, நல்ல துணியை நனைச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சு (ஃப்ரீசர்ல இல்ல) கடிக்கக் குடுங்க. ஈறு மரத்துப்போற ஜெல் 2 வயசுக்குள்ள வேணாம், பக்கத்து வீட்டு அக்கா சொன்னாலும் சரி. 100.4 டிகிரி காய்ச்சல் வந்துட்டா பல்லு மேல பழி போடாம டாக்டர்ட்ட காட்டுங்க.

பல்லுத் தொல்லை இல்லாமலே ரெண்டு வாரமா காலைல தூங்க மாட்டேன்னு அடம் பிடிச்சா, 15 நிமிஷம் 15 நிமிஷமா தள்ளி மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே தூக்கமா மாத்துங்க, ராத்திரி அரை மணி முன்னாடியே படுக்க வச்சிடுங்க, இல்லைன்னா சாயங்காலம் 6 மணிக்கு வீடே ரெண்டாகும்.