லயத்தில் மாட்டுப் பொங்கல்: பசுவுக்கு நோகாமல் செய்யும் முறை

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், ஏர் பூட்ட வயலும் இல்லை, காளையும் இல்லை. பசு சினையாவதும் ஊசியால்தான். பட்டியில் நிற்பதெல்லாம் பால் மாடு. சம்பளம் போதாத மாதத்தில் பிள்ளைகளின் கொப்பிக்கும் பேனைக்கும் காசு தருவது அதுதான். அதனால் காளைக்குரிய மரியாதையை நாங்கள் பசுவுக்கே முழுசாகச் செய்கிறோம்.

தைப்பொங்கலுக்குத்தான் அரசாங்க லீவு, மறுநாள் வேலை நாள். மலையிலிருந்து இறங்கி வந்து அந்திப் பனியில் மாட்டைக் குளிப்பாட்டாதீர்கள். தை மாதக் குளிர் கன்றுக்குச் சளியைக் கொண்டுவந்துவிடும். லீவு நாளன்றே, வெயில் ஏறிய பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவி, சாக்கால் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். மறுநாள் மாலை பட்டியைக் கூட்டிச் சாணம் தெளித்தால் போதும்.

கொம்புக்கு எனாமல் பெயின்ட் வேண்டாம். மஞ்சளைக் குழைத்துப் பூசி, நுனியில் குங்குமம் வையுங்கள். கொம்பு வளராமல் சுட்ட மாடென்றால் நெற்றி நிறைய மஞ்சள், நடுவில் பொட்டு. அதுவே லட்சணமாக இருக்கும்.

கழுத்தில் போடும் பூமாலையில்தான் மிகுந்த கவனம் வேண்டும். அரளிப்பூ கண்ணுக்கு அழகு, ஆனால் பூவும் இலையும் மாட்டுக்கு நஞ்சு. பக்கத்தில் நிற்கும் மாடு எட்டிக் கடித்தாலும் ஆபத்து. செவ்வந்தியை வாழைநாரில் கட்டுங்கள். நைலோன் நூலும் பலூனும் வயிற்றுக்குள் போனால் மாட்டு டாக்டர் வந்தாலும் சிரமம்.

வாசலில் அரிசி மாவால் படுத்திருக்கும் காளை ஒன்றை வரையுங்கள். முன்னங்கால் மடங்கி, திமில் உயர்ந்து, தலை நிமிர்ந்து இருக்கட்டும். சிவன் கோயில் நந்தி அப்படித்தான் இருக்கும். பிள்ளைகளை மாவு தொட வைத்து, வரையும்போதே கதையும் சொல்லுங்கள். யாழ்ப்பாண அரசர்களின் சேது நாணயத்திலும் இப்படி ஒரு காளை படுத்திருக்கிறது, கீழே ‘சேது’ என்று தமிழ் எழுத்து. அனுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லில், அதாவது படிக்கட்டின் அடியில் கால் வைக்கும் அரைவட்டக் கல்லில், யானை, குதிரை, சிங்கத்தோடு காளையும் நடக்கிறது. பின்னால் வந்த பொலன்னறுவைக் காலத்தில் காளையை எடுத்துவிட்டார்கள். நந்தியைக் காலால் மிதிக்கக் கூடாதென்ற எண்ணம்தான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. அதனால் நம் கோலத்தையும் மாடு மிதிக்காத ஓரமாகப் போடுங்கள்.

பொங்கல் பொங்கியதும் சாம்பிராணி காட்டி, தட்டைத் தட்டிக்கொண்டு பட்டியைச் சுற்றுங்கள். “பொங்கலோ பொங்கல், பட்டி பெருக, பால் பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோடு போக” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதை முணுமுணுப்பது எனக்குப் பிடிக்காது. பக்கத்து லயத்துக்கும் கேட்கட்டும். தட்டை மட்டும் மெதுவாகத் தட்டுங்கள், சினை மாடு மிரளும்.

அப்புறம் ஊட்டுவது. அன்பு மிகுந்து பானைப் பொங்கலையும் வைத்துவிடுகிறார்கள். சோறும் சர்க்கரையும் அளவு மீறினால் வயிறு புளித்து மாடு படுத்துவிடும். வாழையிலையில் ஒரு கைப்பிடி, ஒரு வாழைப்பழம் போதும். வயிற்றை நிரப்பப் பச்சைப் புல் வெட்டிப் போடுங்கள். கன்று இருந்தால் அதற்கும் பொட்டு வையுங்கள், கிடாக்கன்று என்று ஒதுக்காதீர்கள். நம் பட்டியில் நந்திக்கு உறவென்றால் அதுதான்.

இரவே மாலையைக் கழற்றிவிடுங்கள். காலையில் கறக்குமுன் மடியையும் காம்பையும் சுடுதண்ணீரால் துடைத்துவிட்டால் மஞ்சளோ குங்குமமோ பாலில் விழாது.